கரடி வீட்டுக் குடித்தனக்காரர்கள்

பிரெஞ்சு அரசாங்கத்திடம் ஒரு யூரோ சம்பளத்துக்கு வேலை கேட்டுப் போன ஜெர்மன்காரர் ஒருவர் உண்டு. பெயர் வெர்னர் ஹெர்சாக். பெரு நாட்டுக் காட்டில், ஒரு முழுக் கப்பலைக் கயிறு கட்டி மலைமேல் இழுத்து ‘ஃபிட்ஸ்காரால்டோ’ படம் எடுத்த அதே ஆசாமி. கப்பலுக்கு மசிந்த மலை பிரெஞ்சுக் கலாசார அமைச்சகத்தில் மசியவில்லை. தென் பிரான்சில் ஷோவே என்றொரு குகை. உள்ளே 36,000 வருடப் பழைய ஓவியங்கள். வாசலில் கனத்த இரும்புக் கதவு. சாவி அரசாங்கத்திடம். கேமராவோடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

“அப்படியானால் நான் உங்கள் ஊழியனாகவே சேர்ந்துவிடுகிறேன். சம்பளம் ஒரு யூரோ போதும். படத்தை உங்கள் பள்ளிக்கூடங்களில் சும்மாவே போட்டுக் காட்டுங்கள்” என்கிற தோரணையில் பேசியிருக்கிறார். இது அவரே பேட்டிகளில் சொன்ன கதை. அப்போதைய அமைச்சர் பிரெடெரிக் மித்தரான் ஏற்கெனவே ஹெர்சாக் படங்களின் ரசிகராம். வேலை முடிந்தது. மனு தோற்கிற இடத்தில் ரசிகர் ஜெயிப்பார். எந்த நாட்டு ஆபீசானாலும் இதுதான் நடைமுறை.

அனுமதிதான் கிடைத்ததே தவிர, நிபந்தனைகளைப் படித்தால் பேசாமல் கப்பலையே இன்னொரு தடவை இழுத்துவிடலாம் என்று தோன்றும். படக்குழு நான்கே பேர். குகைக்குள் போட்டிருக்கும் இரும்பு நடைபாதையின் அகலம் 60 சென்டிமீட்டர். அதை விட்டு ஒரு கால் கீழே வைக்கக் கூடாது. சுவரைத் தொடக் கூடாது. பேட்டரியில் எரியும், சூடு கிளப்பாத விளக்குதான். ஒரு நாளைக்குச் சில மணி நேரம், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவில் மனிதர் 3டி கேமராவை உள்ளே கொண்டுபோய் ‘கேவ் ஆஃப் ஃபர்காட்டன் ட்ரீம்ஸ்’ என்று ஒரு படம் எடுத்து 2010-இல் வெளியிட்டார். 3டி என்றாலே ஏதாவது பறந்து வந்து நம் மூக்கில் இடிக்கும் என்று பழகியிருக்கிறோம். இதில் பாறைதான் மெதுவாகப் புடைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் புடைப்புதான் விஷயமே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டின் பத்திரத்தைப் பார்த்துவிடுவோம். அசல் சொந்தக்காரர் குகைக்கரடி. இன்று பூமியில் இல்லாத இனம். பெரிய உடம்பு, பெரிய நகம். சாப்பாடு பெரும்பாலும் இலை, தழை. குளிர்காலம் வந்தால் உள்ளே போய்ப் படுப்பார். சில பேர் எழுந்திருக்கவில்லை. தரையில் 150-க்கு மேற்பட்ட கரடி மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. எழுந்தவர்கள் சோம்பல் முறித்துச் சுவரில் நகத்தைத் தீட்டியிருக்கிறார்கள். ஆக அந்தச் சுவரில் முதல் கோடு போட்டவர் வீட்டுக்காரர்தான்.

அப்புறம் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். வாடகை, முன்பணம், ஒப்பந்தம் எதுவும் கிடையாது. குடித்தனம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். மனிதர்கள் அங்கே தங்கவில்லை. சமைத்துச் சாப்பிட்ட அடையாளம் இல்லை. நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், அதுவும் வெளிச்சத்துக்கும் கரிக்கும். பைன் மரக் கட்டையை எரித்து, அந்தக் கரியிலேயே வரைந்திருக்கிறார்கள். அதாவது வெயில், மழை, பனி மூன்றையும் வெளியே தாங்கிக்கொண்டு, ஒதுங்க உள்ளே 400 மீட்டர் நீளத்துக்கு இடமிருந்தும் அங்கே படுக்காமல், படம் வரைய மட்டும் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர் திரும்பி வந்து ஓவியத்தின் மேலேயே இரண்டு கீறு கீறிவிட்டுப் போன இடங்களும் இருக்கின்றன. உலகின் முதல் கலை விமர்சகர் அவர்தான். நாசூக்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறார், ஓவியரைக் கீறவில்லை.

குடித்தனக்காரர்களில் ஒரே ஒருவரை மட்டும் நமக்கு ஓரளவு அடையாளம் தெரியும். கிட்டத்தட்ட ஆறடி உயரம். ஒரு கையின் சுண்டுவிரல் கோணல். உள்ளங்கையில் செங்காவியைத் தடவிச் சுவரில் ஒற்றி ஒற்றி, ஒரு பாறை முழுக்கச் செம்புள்ளிகளாக நிரப்பியிருக்கிறார். இன்னும் உள்ளே தள்ளியும் அதே கோணல் விரல் பதிந்திருக்கிறது. அந்தக் கைநாட்டுக்கு 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று சான்று கொடுத்தது.

அவர் வீட்டு நிலவரத்தை நினைத்துப் பார்க்கிறேன். மைத்துனன் தீப்பந்தத்தோடு தேடிக்கொண்டு வருகிறான்.

“என்ன மச்சான், இருட்டுல என்ன பண்றீங்க?”

“சிங்கம் வரையறேன்.”

“சிங்கத்தைத் திங்க முடியுமா?”

“முடியாது.”

“அது என்ன, மூக்கு மேல கொம்போட?”

“காண்டாமிருகம்.”

“அதுவும் நமக்கு ஆகாது. கறி தீந்து ரெண்டு நாளாச்சுன்னு அக்கா சொல்லச் சொல்லிச்சு. நாலு கலைமானாவது வரைஞ்சு வைங்க, பார்த்துட்டுப் படுத்துக்கறோம்.”

பேச்சு என் கற்பனை. மைத்துனனின் புகார் கற்பனை இல்லை. ஷோவே சுவர்களில் 400-க்கு மேற்பட்ட மிருகங்கள் இருக்கின்றன. அந்தக் கால மனிதர்களின் சாப்பாட்டில் கலைமானுக்கு முக்கிய இடம். சுவரில் முக்கிய இடமோ சிங்கம், மம்மத யானை, கம்பளிக் காண்டாமிருகம், கரடிக்கு. வேட்டை பலிக்க வேண்டும் என்று மந்திரமாக வரைந்தார்கள் என ரொம்ப நாள் ஒரு கோட்பாடு ஓடிக்கொண்டிருந்தது. சிங்கத்தை வேட்டையாடிச் சமைக்கிற மந்திரம் எந்த மாமியாருக்கும் பிடிக்காது. கோட்பாடு இங்கே நொண்டிவிட்டது.

சிங்கத்தைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்து ஆண் குகைச்சிங்கத்துக்குப் பிடரி உண்டா, இல்லையா என்று விலங்கியல்காரர்களுக்கு நெடுநாள் சந்தேகம். எலும்பில் மயிர் தெரியாதே! ஷோவே ஓவியர் ஒரு சிங்கத்தை வரைந்திருக்கிறார், பிடரி இல்லை. பெண் சிங்கமோ என்று நாம் யோசிப்பதற்குள், சந்தேகமே வரக்கூடாது என்று விதைப்பையையும் சேர்த்து வரைந்துவிட்டார். படத்தில் அதை வெகு கௌரவமாகக் காட்டுகிறார்கள். ஆண் சிங்கம் அன்போடு பக்கத்தில் வந்து உரசுகிறது. பெண் சிங்கம் பல்லைக் காட்டி உறுமுகிறது. இன்றைக்கு மனநிலை சரியில்லை, நாளைக்கு வா என்று அர்த்தம். 36,000 வருடமாக அந்த ஆண் சிங்கம் அதே இடத்தில் நிற்கிறது.

இப்போது புடைப்புக்கு வருவோம். குதிரைகளின் சுவரைக் கேமரா நெருங்கும்போது பாருங்கள். ஓவியர் எடுத்த எடுப்பில் கரியைத் தூக்கவில்லை. முதலில் சுவரைச் சுரண்டியிருக்கிறார். வீட்டுக்காரரின் பழைய நகக்கீறல், அழுக்கு, மேல் களிமண் எல்லாம் போய் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை தெரிகிற வரைக்கும். அப்புறம்தான் கரி. நான்கு குதிரைத் தலைகள், ஒன்றின் பின் ஒன்றாக. கடைசிக் குதிரை வாயைத் திறந்திருக்கிறது. மூச்சு வாங்குவது கேட்கும்போல் இருக்கிறது. கரியை விரலால் தேய்த்துத் தாடையிலும் கழுத்திலும் நிழல் ஏற்றியிருக்கிறார். கடைசியில் கூரான எதையோ வைத்து விளிம்பைச் செதுக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார். கீழே இரண்டு காண்டாமிருகங்கள் கொம்போடு கொம்பு மோதுகின்றன. இன்னொரு இடத்தில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால். ஓவியருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. அது ஓடுகிறது. தீப்பந்தம் ஆட ஆட, மேடும் பள்ளமுமான பாறையில் நிழல் அசைய அசைய, எட்டுக் காலும் ஓடும். சினிமாவின் பாட்டன் இதுதான் என்கிறார் ஹெர்சாக். 3டியில் பார்க்கும்போது அதை மறுக்க வாய் வரவில்லை. பாறை வயிறுபோல் உப்பிய இடத்தில் மிருகத்தின் வயிறு. உள்வாங்கிய இடத்தில் தலை மறைந்து எட்டிப் பார்க்கிறது. புத்தகத்தில் இந்த ஓவியங்களைத் தட்டையாகப் பார்த்த நாம் ஓவியரின் வேலையில் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

முழு மனித உருவம் மட்டும் கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் ஒரு பாறையில் இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு பெண். மேலே காட்டெருமைத் தலை வந்து கவிந்துகொள்கிறது. இதற்கு ஆளுக்கொரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, ஓவியர் தன் கவனத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார் என்பதுதான்.

அப்புறம் சுமார் 21,500 வருடங்களுக்கு முன் மலை சரிந்து வாசல் மூடிக்கொண்டது. வீட்டுக்காரரும் இல்லை, குடித்தனக்காரரும் இல்லை. ரோமாபுரி எழுந்தது, விழுந்தது. நெப்போலியன் வந்தார், போனார். குகைக்கு ஒன்றும் தெரியாது.

1994 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஜான் மரி ஷோவே, எலியெத் புருனேல், கிறிஸ்தியான் இலேர் என்று மூன்று குகை ஆர்வலர்கள், பாறை இடுக்கிலிருந்து வரும் காற்றைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். மெல்லிய காற்று ஒன்று வந்தது. கல்லைப் பெயர்த்துக் குறுகிய வழியில் தவழ்ந்து போனால் கீழே ஆழம். திரும்பி வந்து ஏணி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். உள்ளே செங்காவியில் ஒரு குட்டி மம்மத யானை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் போனவர் மிதித்த இடத்திலேயே பின்னால் வந்தவரும் காலை வைத்து, தரை கெடாமல் நடந்து திரும்பினார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே மூவருக்கும் சிலை வைக்கலாம்.

சிலைக்குப் பதில் வழக்கு வந்தது. ஷோவே கலாசார அமைச்சகத்தில் குகைக் காவல் வேலை பார்த்தவர். அன்று அவர் அரசாங்க வேலையாகப் போனாரா, சொந்தப் பொழுதுபோக்காகப் போனாரா? நிலம் யாருடையது? நிலத்தடி யாருடையது? படம் எடுத்தால் காசு யாருக்கு? கண்டுபிடித்தவர்கள் ஒரு பக்கம், நில உரிமையாளர்கள் ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம் என்று வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள். வரைந்தவர் சார்பில் வக்கீல் யாரும் ஆஜராகவில்லை.

குகை ஓவிய நிபுணர் ஜான் க்ளோத் வந்தபோது ‘இது போலியாகத்தான் இருக்கும்’ என்ற சந்தேகத்தோடுதான் இறங்கினார். பார்த்தார், போலி இல்லை என்றார். ஆனால் வயதுக் கணக்கு வந்ததும் துறைக்கே தலை சுற்றியது. அதுவரை ஆய்வாளர்கள் ஓர் ஏணி வைத்திருந்தார்கள். அடிப்படியில் குழந்தைக் கிறுக்கல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்ச்சி, உச்சிப்படியில் சுமார் 17,000 வருடத்துக்கு முந்தைய லாஸ்கோ குகை ஓவியங்கள். ஷோவேயின் கரி, லாஸ்கோவைவிட இரண்டு மடங்குப் பழையது. அதாவது முதல் படியிலேயே உச்சி. ஐரோப்பாக்காரர்களால் அந்தப் பெருமையையும் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. 2024-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு காட்டுப் பன்றியின் ஓவியத்துக்கு, குறைந்தது 51,200 வருடம் என்று கணக்கு வந்தது. மிருக ஓவியங்களில் முதலிடம் பன்றிக்குப் போய்விட்டது.

நிபுணர் சந்தேகப்படலாம், அதற்குத்தான் சம்பளம். சந்தேகத்தையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு கதை இருக்கிறது. அது பாதிக்கு மேல் சிரிப்பாக இல்லை.

மார்செலினோ சான்ஸ் டி சவுதுவோலா என்ற நிலப்பிரபு. அல்தமிரா குகைக்குள் குனிந்து, தரையைத் தோண்டிக் கல்லாயுதமும் எலும்பும் பொறுக்கிக்கொண்டிருந்தார். வருடம் 1879. கூட வந்த எட்டு வயது மகள் மரியாவுக்குப் போரடித்தது. கூரை தாழ்வு, அப்பா குனிந்தே இருந்தார், குழந்தை நிமிர்ந்து பார்த்தது. “அப்பா, மாடு!” என்றது. கூரை முழுக்கச் சிவப்புக் காட்டெருமைகள். தரையைத் தோண்டும் படிப்பாளிக்கும் கூரையைப் பார்க்கும் குழந்தைக்கும் நடுவில் உள்ள தூரம் இரண்டடிகூட இருக்காது.

அப்பா அடுத்த வருடம் புத்தகம் போட்டார்: இவை ஆதிமனிதன் வரைந்தவை. பிரெஞ்சு அறிஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆதிமனிதனுக்கு இவ்வளவு அழகாக வரைய வராது, ஆகவே இது ஆதிமனிதன் வரைந்ததில்லை. இதுதான் தர்க்கம். கூரையில் விளக்குப் புகை படியவில்லையே என்று ஒரு துணைக் கேள்வி. எமில் கார்த்தைலாக் என்ற பெரிய மனிதர் தான் போய்ப் பார்க்காமல் வேறொருவரை அனுப்பினார். போனவரும் ‘சமீபத்திய வேலை’ என்று எழுதிக் கொடுத்தார். கேப்ரியல் டி மோர்தியே என்பவருக்கு இன்னும் பெரிய சந்தேகம்: இது பாதிரிமார்களின் சதி, நம்மை ஏமாற்றி மூக்கை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று. ஓவியங்களைப் பிரதி எடுக்கச் சவுதுவோலா ஒரு பிரெஞ்சு ஓவியரை வீட்டில் தங்கவைத்திருந்தார். போதாதா? அந்த ஓவியரே கூரையில் வரைந்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். அவரோ பேச்சு வராதவர். மறுத்துப் பேசக்கூட முடியவில்லை.

சவுதுவோலா 1888-இல் அந்தக் கெட்ட பெயரோடேயே இறந்துபோனார். 1901-இல் பிரான்சிலேயே ஃபோன் டி கோம் போன்ற குகைகளில் அதே மாதிரி ஓவியங்கள் கிடைத்தன. ஸ்பெயினில் இருந்தால் போலி, பிரான்சில் இருந்தால் அசல். 1902-இல் கார்த்தைலாக் ஒரு சந்தேகவாதியின் குற்ற ஒப்புதலாகக் கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரைதான். படிக்க வேண்டியவர் போய் பதினான்கு வருடமாகியிருந்தது. கூரையைப் பார்த்த குழந்தை வளர்ந்து பொத்தீன் குடும்பத்துக்கு மருமகளானாள். சாந்தாந்தர் வங்கியை நடத்தும் குடும்பம் அது. நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

லாஸ்கோ கதை சின்னது. 1940-இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவனின் நாய் ரோபோதான் முதலில் துளையைக் காட்டியது என்று ஒரு கதை உண்டு. அல்தமிராவிலும் ஒரு வேட்டைக்காரரின் நாய்தான் வழி காட்டியதாம். பேராசிரியர் ஒருவரும் எந்தக் குகையிலும் முதலில் நுழைந்ததாகத் தெரியவில்லை. 1948-இல் லாஸ்கோவைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தினமும் ஆயிரத்துக்கு மேல் கூட்டம். அவர்கள் ரசித்து விட்ட பெருமூச்சிலேயே சுவரில் பாசி பிடித்தது. 1963-இல் மூடினார்கள். ஷோவேயின் கதவு ஏன் அவ்வளவு கனம் என்பதற்கு லாஸ்கோவின் பாசிதான் பதில்.

இத்தனையும் தெரிந்துகொண்டு ஹெர்சாக் படத்தைப் பார்த்தால், அவர் குகையைவிட அதிகமாக ரசித்தது குகையைச் சுற்றி நிற்கும் மனிதர்களை என்று தெரியும். அத்தர் தயாரிப்பாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர், மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் மூக்கை வைத்து மோந்து, இன்னொரு குகை கிடைக்குமா என்று தேடுகிறார். ஒரு தொல்லியலாளர் ஆதிகால உத்தியில் ஈட்டி எறிந்து காட்டுகிறார்; அது போன தூரத்தைப் பார்த்து, குதிரை சாகாது போலிருக்கிறதே என்று ஹெர்சாக் வாரிவிடுகிறார். தோலாடை போட்ட ஒருவர் பனியுகப் புல்லாங்குழலின் நகலை வாயில் வைத்து வாசிக்கிறார். வருவது அமெரிக்க தேசிய கீதம்! இளம் ஆய்வாளர் ஒருவர் முன்பு சர்க்கஸில் இருந்தவர். சிங்கம் பழக்கினீர்களா என்று ஆவலோடு கேட்கிறார் ஹெர்சாக். இல்லை, ஒற்றைச் சக்கர சைக்கிள். அந்த இளைஞர் குகைக்குள் போய்வந்த பின் ராத்திரியெல்லாம் சிங்கக் கனவு வந்து, கொஞ்ச நாள் உள்ளே போகாமல் இருந்தாராம். அவர் ஒருவர்தான் ஓவியத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

ஒரு கட்டத்தில் எல்லோரும் பேசாமல் நில்லுங்கள், குகையின் மௌனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். நிற்கிறார்கள். நாமும் மூச்சைப் பிடிக்கிறோம். உடனே ஹெர்சாக் இதயத்துடிப்புச் சத்தத்தைப் போட்டு, பாட்டையும் ஏற்றிவிடுகிறார். டைரக்டர்களிடம் மௌனத்தைக் கொடுத்தால் இதுதான் கதி.

படத்தின் கடைசியில் முதலை வருகிறது. குகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் அணுமின் நிலையம், அதன் வெந்நீரில் ஒரு வெப்பமண்டலத் தோட்டம், அதில் வெள்ளை வெளேரென்று முதலைகள். இவை நாளைக்குக் குகைக்கு வந்து ஓவியத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று தத்துவம் பேசுகிறார். உண்மையில் அவை அமெரிக்காவின் அலிகேட்டர் இனம். வெள்ளை நிறம் பிறவிக் குறை; அணு உலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆவணப்படத்தில் இப்படி அளக்கலாமா என்றால், ஹெர்சாக் அப்படித்தான், திருத்த முடியாது.

அசல் குகைக்குள் நீங்களும் நானும் போக முடியாது. வருடத்தில் சில வாரங்கள் சில ஆய்வாளர்களுக்குத்தான் கதவு திறக்கும். 2015-இல் பக்கத்திலேயே நகல் குகை கட்டித் திறந்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்கள் இந்தப் படத்தைப் பாருங்கள், முடிந்தால் 3டியில். சிங்கச் சுவர் வரும்போது செல்போனை அணைத்துவிடுங்கள். முதலை வரும்போது எழுந்து போய்க் காபி கலந்துகொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.